முட்டி கேட்கும் நாள்கணக்கு

மாசி, பங்குனியில் மல்லாட்டை பிடுங்கி முடித்த பிறகுதான் எங்கள் பக்கம் பந்தாட்டம் தொடங்கும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நெடுஞ்சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வாலிபால் என்றால் அது கோடை ஆட்டம். காலியான கொல்லையிலோ, வற்றிக் கிடக்கும் ஏரிக்குள்ளோ இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, வலையை இழுத்துக் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டால் மைதானம் தயார். வெறுங்கால், அடியில் புழுதி மண். ஆடியில் ஏர் பூட்டினால் மைதானம் மறுபடி கொல்லையாகிவிடும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் அங்கே இருந்த ஆடுகளமும் தண்ணீருக்குள் போய்விடும். வலையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு எல்லோரும் கழனிக்குப் போவார்கள்.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. மோட்டார் வராத கிணறுகளில் கவலை ஓட்டினார்கள். சேற்றில் இறங்கிப் பரம்படித்தார்கள். கேரியரில் நெல்மூட்டையை ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதித்தார்கள். சிலர் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மூட்டை தூக்கினார்கள். முட்டிக்குச் சுமையில்லாத நாள் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. ஆனால் எகிறிக் குதித்து இறங்குகிற கடும்சுமைக்கு ஒரு பருவம் இருந்தது. அது முடிந்தால் விடுமுறையும் இருந்தது. அந்த விடுமுறையை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை, மழையும் பயிரும் பார்த்துக்கொண்டன.

உடற்பயிற்சி என்று தனியாகச் செய்தவர்களுக்கு வேறு கணக்கு. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரும், தெருக்கோடிக் கீற்றுக் கொட்டகையில் கர்லாக்கட்டை சுற்றக் கற்றுக்கொடுத்தவரும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார்கள்: தினமும் செய், ஒரு நாள்கூட விடாதே. நூறு தண்டால், நூறு பஸ்கி. நேற்றுச் செய்ததைவிட இன்று ஒன்று கூட. உடம்பின் எடை மட்டுமே சுமை என்பதால் பெரும்பாலான முட்டிகள் அதைத் தாங்கின. தாங்காதவனுக்கு ‘நரம்பு பிசகிடுச்சு’ என்று சொல்லி, நொச்சி இலை ஒத்தடம், விளக்கெண்ணெய், மஞ்சள் பத்து, அப்புறம் ஒரு மாதம் காலை நீட்டி உட்கார வைத்தார்கள். ஒன்று தினமும், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டென்று அன்றைக்கு எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் சொன்னதாக நினைவில்லை.

இன்று அந்த மல்லாட்டைக் கொல்லைகளில் பல மனைகளாகிவிட்டன. இளைஞர்கள் ஓடுவது பைபாஸ் ஓரத்தில், பள்ளி மைதானங்களில், ஏரிக்கரைத் தார்ச்சாலையில். விடிவதற்கு முன் விழுப்புரத்தில் இறங்கி நடந்தால் பார்க்கலாம்: கையில் செல்பேசி, காதில் விசில் சத்தம், பத்துப் பதினைந்து பேராக ஓடுகிறார்கள். அவர்கள் கண்ணில் இருப்பது காகுப்பம். காகுப்பத்தில் இருக்கிற ஆயுதப்படை மைதானத்தில்தான் காவலர் வேலைக்கான உடற்தகுதித் தேர்வு நடக்கிறது. இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அதில் தேறியவருக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், குறுந்தொலைவு ஓட்டம். நீளம் தாண்டுவதில் 3.80 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 4.50 மீட்டருக்கு இரண்டு. ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றுகிற வேலை அது. அதற்காக ஒருவன் தன் முட்டியைப் பணயம் வைப்பதை நான் லேசாகப் பேச மாட்டேன்.

சிக்கல் இருப்பது தேர்வின் வரிசையில். முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு அதன் முடிவு, அதற்குப் பிறகுதான் உடற்தகுதிக்கு அழைப்பு. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து புத்தகமே கதியென்று இருந்தவன், முடிவு வந்த மறுநாள் ஷூவை மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறான். கையில் இருப்பது சில வாரங்கள். காலையில் ஓட்டம், மாலையில் ஜிம், ஞாயிற்றுக்கிழமை மணல்குழியில் தாண்டல் பயிற்சி. வாரத்தில் ஏழு நாளும், சில நாள் இரண்டு வேளையும். ஆறாவது வாரத்தில் தொடை கட்டையாகத் திரண்டிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் தயாராகிவிட்ட மாதிரியே இருக்கும். முட்டிச்சிப்பிக்குக் கீழே இருக்கிற நாலைந்து சென்டிமீட்டர் நீளத் தசைநாண் மட்டும் இன்னும் தயாராகியிருக்காது.

இப்படிப் பயிற்சி கொடுக்கிறவர்களில் ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரிடம் ஒரு பையன் வந்து நின்றதை அருகிலிருந்து கேட்டேன்.

“மாஸ்டர், படி இறங்கும்போது முட்டிக்குக் கீழே குத்துது.”

“எத்தனை நாளாப்பா?”

“ரெண்டு வாரமா. ஓட ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல சரியாயிடுது மாஸ்டர்.”

“சரியாகல தம்பி. சூட்டுல தெரியல, அவ்ளோதான். நாளைக்குக் காலைல எழுந்து சொல்லு.”

பையனைத் தரையில் காலை நீட்டி உட்காரச் சொன்னார். முட்டிச்சிப்பியின் கீழ்முனையைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினார். பையன் பல்லைக் கடித்தான். விரலை ஒரு அங்குலம் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை, திரும்ப அந்த முனைக்கு வந்தால் சுரீர் என்கிறது. விளையாட்டு மருத்துவர்கள் ‘ஜம்பர்ஸ் நீ’ என்று 1973-இலிருந்து சொல்லிவருகிற முட்டிநாண் கோளாறுக்கு இதுதான் அடையாளம்: ஒரே புள்ளியில் வலி, உடம்பு சூடானால் மறைவது, மறுநாள் காலையில் கூடுதலாகத் திரும்பி வருவது. அந்த மாஸ்டர் எந்த ஆய்வையும் படித்தவர் இல்லை. மறுநாள் காலையைக் கேட்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாண் பலவீனமான பொருள் இல்லை. 1977-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, போட்டி மேடையிலேயே முட்டிநாண் அறுந்த ஒரு பளுதூக்கும் வீரரைப் பற்றியது. அந்தக் கணம் படச்சுருளில் பதிவாகியிருந்ததால் கணக்குப் போட முடிந்தது: அறுந்தபோது அதன்மேல் இருந்த இழுவிசை அவர் உடல் எடையைப் போல 17 மடங்குக்கும் மேல். நல்ல நாண் அவ்வளவு தாங்கும். கவலையில் கட்டிய வடம் இழுக்க இழுக்கத் தேயும். முட்டியின் நாணோ இழுக்க இழுக்கத் தன்னைத் திருத்திக்கொண்டு உறுதியாகும். ஆனால் அந்தத் திருத்த வேலைக்கு நாள் பிடிக்கும். எத்தனை நாள் என்பதைத்தான் கோபன்ஹேகனில் ஆய்வாளர் மைக்கேல் கியாரும் அவரோடு இருந்தவர்களும் பல ஆண்டுகள் தேடினார்கள்.

2005-இல் வெளியான ஒரு சோதனையில் இளைஞர்களை ஒற்றைக்காலால் ஒரு மணி நேரம் சுமையை உதைக்க வைத்தார்கள். பிறகு அந்தக் காலின் நாணிலிருந்தும் தொடைத் தசையிலிருந்தும் துளித்துளியாக எடுத்துப் பார்த்தார்கள். நாணை ஆக்கியிருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் கட்டுமானம் 6 மணி நேரத்தில் கூடத் தொடங்கி, 24 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, 72 மணி நேரத்திலும் முழுதாக அடங்காமல் இருந்தது. கட்டுவது மட்டும் நடந்தால் கவலையில்லை, கூடவே பழையதைக் கழிப்பதும் நடக்கிறது. பயிற்சிக்குப் பிந்தைய முதல் 24 முதல் 36 மணி நேரத்தில் கழிப்பதே மிஞ்சி நிற்கிறது, அதற்குப் பிறகுதான் கட்டுவது முந்துகிறது என்று 2010-இல் அதே குழு விளக்கியது. திங்கட்கிழமை கனமாகச் சுமை ஏற்றியவன் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மறுபடி ஏற்றினால், கழிப்பு ஓங்கியிருக்கிற நேரத்தில் ஏற்றுகிறான். புதன்கிழமை ஏற்றினால் கட்டுமானம் அவன் பக்கம் வந்திருக்கும். ஒரு நாள் பிழை பெரிதில்லை. நாற்பது நாள் விடாமல் அதே பிழை நடந்தால் நாணில் அது சேர்கிறது.

தசைக்கும் நாணுக்கும் உள்ள வேகவித்தியாசத்தை ஜப்பானில் கெய்தாரோ குபோ அளந்தார். மூன்று மாதம் முட்டியை நீட்டும் பயிற்சி, வாரம் 4 நாள். பிறகு மூன்று மாதம் பயிற்சியே இல்லை. தொடையின் பலம் இரண்டாவது மாதத்திலேயே ஏறிவிட்டது. நாணின் விறைப்பு மூன்றாவது மாதத்தில்தான் ஏறியது. நிறுத்திய பிறகு நேர்மாறு: தசையின் பலம் அப்படியே நிற்க, நாண் முதலில் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. எங்கள் பையன்களின் ஆறு வார ஓட்டத்தை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழுக்கும் தசை வளர்ந்துவிட்டது, இழுபடும் நாண் பழைய நாண். வளரும் வயது வாலிபால் வீரர்களிடம் இதே ஏற்றத்தாழ்வைப் பெர்லின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜிம்மில் மாற்றம் தெரிகிறது என்று எல்லோரும் பாராட்டுகிற அந்த ஆறாவது, எட்டாவது வாரம்தான் முட்டிக்கு ஆபத்தான கட்டம் என்பது என் எண்ணம்.

அடிக்கடி என்பதன் விலை வாலிபால் களத்தில் நன்றாகவே தெரிகிறது. எண்பதுகளில் இத்தாலியில் ஃபெரெட்டி என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் வாலிபால் ஆட்டக்காரர்களைப் பரிசோதித்தபோது, வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறார்கள் என்பதோடு முட்டிநாண் வலியும் படிப்படியாக ஏறியது. கெட்டித் தரையில் ஆடியவர்களுக்கு இன்னும் கூடுதல். நார்வேயில் 2005-இல் வெளியான கணக்கெடுப்பில் உயர்மட்ட வாலிபால் வீரர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு இந்த வலி இருந்தது. கூடைப்பந்தில் 32 சதவீதம். இப்போது எங்கள் பக்கத்துப் பழைய களத்தை நினைத்துப் பார்த்தால் அதிலிருந்த இரண்டு பாதுகாப்புகள் புரிகின்றன. ஒன்று, புழுதி மண். இன்னொன்று, ஆண்டில் நாலு மாதம் மட்டும் ஆட்டம். இன்றைக்கு ஊராட்சிகளில் சிமெண்டுத் தளமும் மின்விளக்கும் வந்துவிட்டன. ராத்திரியிலும் ஆடலாம், கார்த்திகையிலும் ஆடலாம். தை பிறந்தால் போட்டிமேல் போட்டி. முதலமைச்சர் கோப்பை ஒரு பக்கம், ஊர்த் திருவிழாக் கோப்பை மறு பக்கம். 2014-இல் புரோ கபடி வந்த பிறகு கபடியும் பருவம் பார்ப்பதில்லை. பையன்களுக்கு வாய்ப்புக் கூடியிருப்பது நல்ல சேதி, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மழையும் பயிரும் கொடுத்த இடைவெளி போய்விட்டது. அதை இனி ஆட்டக்காரனும் பயிற்சியாளரும் வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும்.

பழைய காலத்தை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. கவலை ஓட்டிய தலைமுறையில் ஐம்பது வயதுக்கு மேல் முட்டி தேய்ந்து, கம்பூன்றி நடந்தவர்களையும் கண்டிருக்கிறோம். மூட்டை தூக்கியவர்களின் கூலிக்குப் பின்னால் எவ்வளவு வலி இருந்தது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஆனால் அவர்களிடம் இருந்ததும் இன்று பலரிடம் இல்லாததுமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறு வயதிலிருந்தே கால்மேல் வேலை இருந்தது. அதன் அருமை விளங்க இன்னொரு டேனிஷ் ஆய்வுக்குப் போக வேண்டும்.

1955-க்கும் 1963-க்கும் இடையே வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. பிறகு மெதுவாகக் குறைந்தது. மனிதத் திசுக்களில் அந்தக் கார்பனின் அளவைப் பார்த்தால் அந்தத் திசு எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். 2013-இல் காத்யா ஹைனமையர் குழுவினர் குதிகால் நாணை இப்படிச் சோதித்தார்கள். நாணின் மையப்பகுதி ஒருவரின் முதல் 17 வயதுக்குள் உருவானது. அதற்குப் பிறகு கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. பக்கத்திலிருந்த தசையோ வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. வேறோர் ஆய்வில் வாள்சண்டை, இறகுப்பந்து வீரர்களிடம் பார்த்தபோது, எப்போதும் முன்னே வைத்துப் பாய்கிற காலின் முட்டிநாண் மற்றக் காலினதைவிடத் தடித்திருந்தது. அவர்கள் சின்ன வயதிலேயே களத்துக்கு வந்தவர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று பிள்ளைகளை ட்யூஷனில் உட்கார வைத்து, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கிற பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும். அந்த வயதில் ஓடாத பிள்ளையை இருபத்தொரு வயதில் காகுப்பத்துக்கு அனுப்புகிறோம். மரத்தின் நடுவைரம் போல மையப்பகுதி அமைகிற ஆண்டுகள் போய்விட்டன. இனி வெளிச்சுற்றில் சேர்ப்பதைத்தான் நம்ப வேண்டும், அது பொறுமையாகத்தான் சேரும்.

சேரும் என்பதில் சந்தேகம் வேண்டாம். 9 வாரம், வாரம் 3 நாள் தொடைக்குக் கனமான பயிற்சி கொடுத்த ஓர் ஆய்வில் முட்டிநாணின் விறைப்பு 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பிரிட்டனில் ரீவ்ஸ், மகானாரிஸ், நரிச்சி மூவரும் எழுபது வயது தாண்டியவர்களை 14 வாரம், வாரம் 3 நாள், லெக் பிரஸ்ஸிலும் லெக் எக்ஸ்டென்ஷனிலும் உட்கார வைத்தார்கள். 2003-இல் முடிவு வந்தது: முட்டிநாணின் விறைப்பு 65 சதவீதம் ஏறியிருந்தது. நம் வீட்டில் எழுபது வயதுக்காரரைப் பார்த்து ‘ஆச்சு, இனிமே என்ன’ என்கிறோமே, அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

இந்த ஆய்வுகளில் நாளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். பெரும்பாலும் 3, சிலவற்றில் 4. தினமும் என்பது கனமான சுமைக்கு எங்கும் வரவில்லை. 2015-இல் பெர்லினில் போம், மெர்ஸ்மன், அரம்பாட்சிஸ் மூவரும் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாண் மாறுவதற்குச் சுமை கனமாக இருக்க வேண்டும், 12 வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்பது தெளிவானது. தினமும் நூறு பஸ்கி தசைக்கும் மூச்சுக்கும் நல்லதுதான். நாணைத் தடிக்க வைக்க அந்தச் சுமை போதாது. நூறு எண்ணுவதைவிட, முதுகில் மூட்டையோடு எட்டு எண்ணுவது நாணுக்குப் புரிகிற பாஷை.

வலி வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய தூரம். அன்றைக்கு ஒரு மாதம் ஓய்வு. வலி போகும், நாணும் கூடவே இளைக்கும், திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே வலி மறுபடி வரும். இடைக்காலத்தில் ஸ்டீராய்டு ஊசி வந்தது. போட்ட வாரத்திலேயே சொர்க்கம். 2009-இல் கோங்ஸ்கோர் என்ற டேனிஷ் ஆய்வாளரின் குழு மூன்று வழிகளை ஒப்பிட்டது: ஊசி, சரிவுப் பலகையில் நின்று தினமும் இரண்டு வேளை ஒற்றைக்காலில் இறங்கும் பயிற்சி, வாரம் 3 நாள் மட்டும் கனமாகவும் மெதுவாகவும் செய்யும் ஸ்குவாட், லெக் பிரஸ். 12 வாரத்தில் மூன்றும் பலன் தந்தன. அரை ஆண்டில் ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்பியது. மற்ற இரண்டு கூட்டத்துக்கும் பலன் நிலைத்தது. திருப்தி அதிகம் இருந்தது வாரம் 3 நாள் கூட்டத்துக்கு. குறைந்த நாள், கூடுதல் கனம். வேலைக்குப் போகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இதுதானே முடியும்!

எவ்வளவு கனம் என்று பயப்படவும் வேண்டாம். 2021-இல் 44 பேரை வைத்து, ஒருமுறை தூக்கக்கூடிய அதிக எடையில் 55 சதவீதம், 90 சதவீதம் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். 12 வாரத்திலும் ஓராண்டிலும் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. வலியுள்ள நாணுக்கு நடுத்தரச் சுமையே போதும், மெதுவாகவும் ஒழுங்காகவும் செய்தால்.

நாள்கணக்கை மிகத் தெளிவாகக் காட்டியது நெதர்லாந்து ஆய்வு ஒன்று. அதுவும் 2021-இல் வந்தது, 76 பேர், 24 வாரம். அவர்கள் வகுத்த படிகள் எங்கள் ஊர்ப் பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டியவை. முதல் படியில் அசையாமல் சுமை தாங்கும் பயிற்சி, அதாவது முட்டியை மடக்கிய நிலையில் முக்கால் நிமிடம் அப்படியே நிற்பது, இது தினமும். இரண்டாம் படியில் எடையோடு மெதுவாக மடக்கி நீட்டுவது; ஒன்றுவிட்டு ஒரு நாள். மூன்றாம் படியில் குதிப்பும் தாண்டலும். மூன்று நாளைக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு அவரவர் ஆட்டம். அதுவும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. சுமையின் வேகம் கூடக் கூட இடைவெளியும் கூடுகிறது. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல் இருந்தால் தொடரலாம். காகுப்பத்துக்குத் தயாராகும் பையன்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தாண்டல் தினமும், எடைப் பயிற்சி நேரம் கிடைத்தால்.

இதற்கு ஏ.சி. ஜிம் தேவையில்லை. நம் மண்ணில் கிடைப்பதை வைத்தே செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 விநாடி, ஓரிரு நிமிடம் விட்டு மறுபடி, ஐந்து முறை. இதைத் தினமும் செய்யலாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்து, மூன்று எண்ணும்வரை இறங்கி மூன்று எண்ணும்வரை எழுந்து, எட்டு முறை, நாலு சுற்று. மூட்டை லேசாகிவிட்டால் இன்னும் கொஞ்சம் மணல் கட்டுங்கள். சரிவுப் பலகை வேண்டுமென்றால் ஏரிக்கரையின் உட்சரிவு இருக்கிறது: தண்ணீர்ப் பக்கம் முகம் வைத்து, விரல்கள் தாழ, குதிகால் மேலே இருக்க நின்று ஒற்றைக்காலில் மெதுவாக இறங்குங்கள். சுமை நேராக முட்டிநாணுக்குப் போவது தெரியும். மெதுவாக என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பையன்கள் எல்லோரும் அங்கேதான் ஏமாற்றுகிறார்கள். நாலாவது முறைக்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்பது ஒரே மூச்சில் போய்விடும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். கால் உடைந்தால் ஆட்டுக்கால் சூப் என்பது நம் வீட்டு வைத்தியம். 2017-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கீத் பாரும் குழுவினரும் எட்டுப் பேருக்கு, வைட்டமின் சி கலந்த 15 கிராம் ஜெலட்டினைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம் கயிறு தாண்ட வைத்தார்கள். இரத்தத்தில் கொலாஜன் கட்டுமானத்தின் குறியீடு இரட்டிப்பானது. இன்னொரு சோதனையில், ஆய்வகத்தில் வளர்த்த இணைப்புத்திசு பத்து நிமிடச் சுமைக்குப் பிறகு காது கொடுப்பதை நிறுத்திவிட்டது என்றும், ஆறு மணி நேரம் கழித்தே மறுபடி கேட்டது என்றும் கண்டார்கள். லேசான சுமையைச் சிறு சிறு பங்காகக் கொடுக்கலாம் என்ற யோசனை அதிலிருந்து வந்தது. எட்டுப் பேரை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. சூப்பைக் குடியுங்கள், எலுமிச்சையும் பிழிந்துகொள்ளுங்கள். பயிற்சிக்குப் பதிலாக அல்ல, முன்னதாக.

மைதானத்தில் இன்னொரு மாற்றம் கண்ணில் படுகிறது. அதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சி. பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் முதலில் சேர்ந்தது 1973-இல், மொத்தம் 22 பேர். இன்று ஒலக்கூர், மயிலம், வானூர் பக்கத்துப் பிள்ளைகள் அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மைதானத்துக்கு வருகிறார்கள். பையன்களின் அட்டவணையை அப்படியே அவர்கள்மேல் ஏற்றக்கூடாது. பயிற்சிக்குப் பிறகு நாணில் கொலாஜன் கட்டுமானம் பெண்களிடம் ஆண்களைவிடக் குறைவாகவே கூடுகிறது என்று 2007-இல் கோபன்ஹேகனின் கியார் குழு காட்டியது. அப்படியானால் அவர்களுக்கு இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும், இன்னும் பொறுமையாக ஏற்ற வேண்டும். பல வீடுகளில் பெண்ணுக்கு அனுமதி கிடைப்பதே எழுத்துத் தேர்வில் பாஸான பிறகுதான் என்பதால், அவளுக்குத்தான் நாள் மிகவும் குறைவு. பெற்றோர்கள் இதைக் கேட்க வேண்டும்.

உதவிக்கு ஆள் இல்லாத காலமும் இல்லை இது. முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டு வாசலுக்கே வருகிறது. முட்டி வீங்கினாலோ, பிசகி நின்றாலோ, இரவில் வலித்தாலோ, திடீரென்று காலை நீட்ட முடியாமல் போனாலோ பயிற்சியாளரிடம் நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். சளி, சிறுநீர்த் தொற்று என்று மருந்துக்கடையில் தாமாக வாங்கி விழுங்குகிற சில மாத்திரைகளையும் சொல்ல வேண்டும்: சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை போடச் சொன்னது. ஓடுகிற பிள்ளைகள் அவற்றைச் சீட்டில்லாமல் தொடக்கூடாது.

7 நிமிடத்தைச் சில விநாடியில் தவறவிட்டவர்கள் பலர். வீட்டுக்குப் போய் ஷூவைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அடுத்த அறிவிப்பு வரும்வரை அதைத் தொடமாட்டார்கள். அந்த மாதங்கள்தான் நாணுக்குக் கிடைக்கிற ஒரே நீண்ட காலம். குபோவின் ஆய்வில் நிறுத்தியவுடன் நாண் எப்படி இறங்கியது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். திங்கள், புதன், வெள்ளி மூட்டையோடு ஸ்குவாட். நடுவில் வருகிற நாள்களில் சுவர்ப் பயிற்சியும் மெதுவான ஓட்டமும். மூன்று மாதம் தாண்டிய பிறகு வாரம் இரண்டு நாள் தாண்டல். விண்ணப்பப் படிவம் வெளிவருகிற அன்று, புத்தகத்தைத் திறக்கிற அதே நாளில், இதையும் தொடங்கலாம். எழுத்துத் தேர்வு முடிவு வரும்போது மூன்று மாதம் ஏற்கெனவே கையில் இருக்கும்.